நீலகிரியில் தாய்மொழியும் பள்ளிக்கூடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கம் படுகர் ஹட்டிகளும் தோடர் மந்துகளும் கோத்தர்களின் கோக்கால்களும் இருக்கின்றன. மூன்றுமே அவரவர் ஊரைச் சொல்லும் சொற்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இறங்கினால் மலையாளம் பேசுகிறவர்கள், பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடியிருப்புகள். பஜார்களில் கன்னடம், தெலுங்கு, உருது பேசும் வீடுகளும் உண்டு. இத்தனை மொழிப் பிள்ளைகளும் போய்ச் சேர்வது தமிழ்வழி அல்லது ஆங்கிலவழி வகுப்பில்தான். சேர்க்கை நேரத்தில் பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் புதிதாக மலைக்கு மாற்றலாகி வந்த ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில். சட்டம் ஓரிடத்திலும் நடைமுறை இன்னோரிடத்திலும் நிற்கிற விஷயம் இது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் மொழி எட்டாவது அட்டவணையில் இல்லை. நாங்களும் மொழிச் சிறுபான்மையினர்தானா?

ஆமாம். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. மலையாளம், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் அதில் உண்டு. படுகு, தோடர் மொழி, கோத்தர் மொழி, இருளர் மொழி, பணியர் மொழி எதுவும் கிடையாது. ஆனால் மொழிச் சிறுபான்மையினர் என்ற தகுதிக்கும் அந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை. தனக்கென்று ஒரு மொழி இருந்தால் போதும். அதற்கு எழுத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

யார் சிறுபான்மை என்பதை மாநிலத்தை அலகாக வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் சொல்லிவிட்டது. ஒரு ஹட்டியில் நூற்றுக்கு நூறு பேரும் படுகு பேசினாலும் தமிழ்நாட்டுக் கணக்கில் அவர்கள் சிறுபான்மையினர். அதே ஹட்டியில் வாடகைக்கு இருக்கும் ஒரே ஒரு தமிழ்க் குடும்பம் அப்படி ஆகாது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் சில சமயம் இதைக் கேட்கிறார்கள். அவர்கள் மொழி தமிழ் என்பதால் மொழிச் சிறுபான்மையினருக்கான அரசியலமைப்புப் பிரிவுகள் பொருந்தாது. அவர்களுக்குச் சாதிச் சான்றில் தொடங்கி வேறு சிக்கல்கள் இருக்கின்றன. அது தனிக் கதை.

அரசியலமைப்பு எங்களுக்கு என்னதான் தருகிறது?

பிரிவு 29, தனி மொழியோ எழுத்தோ பண்பாடோ உள்ள எந்த மக்களுக்கும் அதைக் காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. பிரிவு 30, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனம் தொடங்கி நடத்தலாம் என்கிறது. இவை இரண்டும் அடிப்படை உரிமைகள். மீறினால் நேராக நீதிமன்றம் போகலாம்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை முக்கியமானது 350ஏ. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956இல், ஏழாவது திருத்தத்தின் வழியாக வந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்கப் போதிய வசதி செய்ய மாநில அரசு முயல வேண்டும் என்கிறது. மாநில அரசு மட்டுமல்ல, உள்ளாட்சி அமைப்புகளும் முயல வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. ஊராட்சித் தலைவரிடம் இதைச் சொன்னால் பெரும்பாலும் ஆச்சரியப்படுவார். அடுத்து வரும் 350பி, மொழிச் சிறுபான்மையினருக்கென ஒரு சிறப்பு அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. அவரைத்தான் ஆணையர் என்கிறார்கள். அவர் அறிக்கை குடியரசுத் தலைவருக்குப் போய், நாடாளுமன்றத்தில் வைக்கப்படும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், 29ஆம் பிரிவில், நடைமுறைக்கு இயன்றவரை பயிற்றுமொழி குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த ‘இயன்றவரை’யில்தான் எல்லாம் நின்றுபோகிறது.

அப்படியென்றால் ஒன்றாம் வகுப்பைப் படுகிலோ கோத்தர் மொழியிலோ நடத்தச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம். 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு கணக்கு வைத்தார்கள்: ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள், அல்லது பள்ளி முழுதும் சேர்த்து 40 பிள்ளைகள் ஒரு மொழி பேசுகிறவர்களாக இருந்தால், தொடக்க நிலையில் அந்த மொழியில் கற்பிக்க ஆசிரியர் தர வேண்டும். 1956க்குப் பிறகும் இந்தக் கணக்கே தொடர்ந்தது. கோத்தகிரிப் பக்கம் பல பள்ளிகளில் படுகு பேசும் பிள்ளைகள் இந்த எண்ணிக்கையைச் சுலபமாகத் தாண்டுவார்கள். கோத்தர், தோடர் பிள்ளைகளுக்கு அது கஷ்டம். மொத்தச் சமூகமே சில ஆயிரம் பேருக்குள்தான்.

சரி, எண்ணிக்கை இருந்தும் ஏன் நடப்பதில்லை? பாடநூல் இல்லை, அந்த மொழியில் பயிற்சி பெற்ற ஆசிரியர் பணியிடம் என்று ஒன்று இல்லை. தமிழ்நாட்டில் சிறுபான்மை மொழிப் பாடநூல் என்றால் தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது. தமிழ்நாட்டுக்கு வெளியே எழுத்தும் பாடநூலும் தேர்வும் உள்ள மொழிகள் இவை. இந்த மலையைத் தவிர வேறு ஊர் இல்லாத மொழிகளுக்கு அப்படிக் கைகொடுக்க யாரும் இல்லை. சட்டத்தில் இரண்டு வகையும் ஒன்றுதான், பள்ளியில் ஒன்றல்ல. பல வருடங்களாக மனு கொடுப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல், மலையாளத்துக்குக் கேட்பது போலவே படுகுக்கும் பணியர் மொழிக்கும் கேட்டு, ‘பரிசீலிக்கப்படும்’ என்ற பதிலோடு திரும்பி வருகிறார்கள்.

அரசு விரும்பினாலும் தாய்மொழிவழியைக் கட்டாயமாக்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கர்நாடக அரசு அப்படிச் செய்தபோது, 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை ரத்து செய்தது. எந்த வழியில் படிப்பது என்பது பெற்றோர், பிள்ளையின் தேர்வு என்றது.

தமிழ் கட்டாயம் என்று சட்டம் இருக்கிறதே, அதற்குப் பிறகு தாய்மொழிக்கு இடம் ஏது?

தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. 2006-07இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று மற்ற பாடங்கள். தமிழோ ஆங்கிலமோ தாய்மொழி அல்லாத பிள்ளைகள் பகுதி நான்கில் தங்கள் மொழியை விருப்பப் பாடமாக எடுக்கலாம். ஆக, இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் உட்கார அந்த மொழிக்குப் பாடத்திட்டமும் வினாத்தாளும் வேண்டும்.

மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் இந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போய், பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்விலிருந்து பலமுறை இடைக்கால விலக்கு வாங்கியிருக்கின்றன. 2023இல் உச்ச நீதிமன்றமும் ஓராண்டுக்கு நீட்டித்தது. உங்கள் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு என்றால், நடப்பு ஆண்டு ஆணை என்ன என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய உத்தரவை நம்ப வேண்டாம்.

பந்தலூரில் இருக்கிறோம், வீட்டில் மலையாளம். மலையாளவழியில் படிக்க வைக்கலாமா, இல்லை வயநாட்டில் பத்தேரிப் பக்கம் சேர்த்துவிடலாமா?

தமிழ்நாட்டுக்குள்ளேயே மலையாளத்தை ஒரு பாடமாக எடுப்பது ஒன்று, மலையாளவழியில் எல்லாப் பாடமும் படிப்பது இன்னொன்று, எல்லை தாண்டி வயநாட்டுப் பள்ளியில் சேர்ப்பது மூன்றாவது. மூன்றுக்கும் விளைவுகள் வேறு.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பு முதலே தமிழ்வழியில் இருந்திருக்க வேண்டும். மலையாளவழியில் படித்தவருக்கு அது கிடைக்காது. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் இப்போது கட்டாயம். அதில் 40 சதவீதம் வாங்கினால்தான் அடுத்த தாளையே திருத்துவார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஏறக்குறைய அதே கணக்குதான். ஆறாம் வகுப்பில் எல்லை தாண்டினால் இவையெல்லாம் கைவிட்டுப் போகும்.

என் அபிப்பிராயம்: தொடக்க வகுப்புகளில் மொழிக்காக என்ன செய்தாலும் நஷ்டம் குறைவு. ஆறுக்கு மேல் இந்தக் கணக்குகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சான்றிதழுக்கு அலைகிறார்கள்.

படுகு கன்னடத்தின் கிளைதானே? கன்னடம் எடுத்துக்கொண்டால் போதாதா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அப்படித்தான் நினைக்கிறது. 2011இல் சுமார் 1.33 லட்சம் பேர் படுகைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். அந்த எண்ணிக்கை கன்னடத்தின் கீழே அச்சானது. குறும்பர் மொழியும் கன்னடத்தின் கீழ். பணியர் மொழி மலையாளத்தின் கீழ். இருளர் மொழி தமிழின் கீழ். 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளின் பெயரே வெளியாவதில்லை. தோடரும் கோத்தரும் அதனால் ‘மற்றவை’க்குள் போய்விடுகிறார்கள்.

வகைப்பாடு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். கடநாட்டிலோ தொட்டபெட்டா அடிவாரத்திலோ ஓர் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கன்னட எழுத்தும் புதிது, பாடநூல் கன்னடமும் புதிது. தமிழாவது பஸ்ஸிலும் கடையிலும் டிவியிலும் கேட்ட மொழி. கன்னடம் எடுப்பது தப்பில்லை, ஆனால் அது அந்தப் பிள்ளைக்கு இன்னொரு மொழி. அதைக் கொடுத்துவிட்டு 350ஏ-யை நிறைவேற்றியாகிவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாது.

படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அவர்கள் மொழிக்கு வாரத்தில் ஒரு பீரியட் கேட்டால்தான் எல்லோரும் கோப்பைத் தேடுகிறார்கள்.

பழங்குடிப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பதற்கு மொழிதான் காரணமா?

மொழி மட்டும் இல்லை. தூரம், யானைத் தொல்லை, வேலைக்குப் போகும் பருவம், மற்றப் பிள்ளைகளின் கேலி எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் முதல் இரண்டு வருடங்களில் மொழியின் பங்கு பெரிது.

பந்தலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஒன்றாம் வகுப்புப் பணியர் சிறுமி ஒருத்தி, மூன்றாம் வகுப்பு அக்காவின் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்திருப்பாள். டீச்சர் ‘நோட்டை எடுங்க, தேதி போடுங்க’ என்பார். அக்கா குனிந்து காதில் ஏதோ சொல்வாள். தங்கை நோட்டை எடுப்பாள். டீச்சருக்கும் இது தெரியும், விட்டுவிடுவார், வேறு வழி இல்லை. அக்காவுக்குக் காய்ச்சல் வந்த அன்று தங்கையும் வர மாட்டாள். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள் அல்லவா, இந்தச் சிறுமி தொடர்ந்து அரும்பிலேயே இருப்பாள். கணக்கு வராததால் இல்லை. கேள்வி புரியாததால். கடையில் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருபவள் அவள்.

அந்த அக்கா செய்யும் வேலையைச் சம்பளத்துக்கு ஒரு பெரியவர் செய்ய வேண்டும். இந்தக் கேள்வி பதில் முழுவதிலும் நான் வலியுறுத்துவது அதுதான். வீட்டு மொழி தெரிந்த ஓர் ஆள் அங்கன்வாடியிலும் ஒன்று, இரண்டாம் வகுப்பிலும் இருந்தால் போதும். பாடநூலுக்குக் காத்திருக்க வேண்டாம். தமிழில் நடக்கும் வகுப்புக்குள் பிள்ளையைக் கைபிடித்து அழைத்து வருபவராக அவர் இருப்பார்.

இப்படி எங்காவது செய்திருக்கிறார்களா?

பக்கத்திலேயே செய்திருக்கிறார்கள். கேரள அரசு 2017இல் வயநாட்டில் கோத்ரபந்து என்ற திட்டத்தைத் தொடங்கி, பழங்குடிச் சமூகங்களிலிருந்தே ஆசிரியப் பயிற்சி பெற்ற இளைஞர்களைத் தொடக்கப் பள்ளிகளில் துணை ஆசிரியர்களாக வைத்தது. அங்கே பேசும் பணியர் மொழிதான் எல்லைக்கு இந்தப் பக்கம் பந்தலூரிலும் பேசப்படுகிறது. நடுவில் ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான். ஒடிசா இன்னும் முன்னதாக, 2006-07இல், பத்துப் பழங்குடி மொழிகளில் பன்மொழிக் கல்வியைத் தொடங்கியது; அங்கே புத்தகங்களும் போட்டார்கள்.

கூடலூரில் வித்யோதயா பள்ளி பல ஆண்டுகளாகப் பழங்குடிப் பிள்ளைகளுக்காக நடக்கிறது. ஆசிரியர்களில் பலர் அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்களே. பிள்ளைகளின் பாட்டும் கதையும் மொழியும் வகுப்பறைக்குள் வருகின்றன. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு நாள் போய்ப் பார்த்து வரலாம். தமிழ்நாட்டு அரசே கொரோனாவுக்குப் பிறகு 2021இல் இல்லம் தேடிக் கல்வியில் ஊர்க்காரர்களைத் தன்னார்வலர்களாக வைத்தது. குடியிருப்பிலேயே பிறந்த ஒருவர் மாலை வகுப்பு எடுத்த இடங்களில், பாடத்தை எந்த மொழியில் விளக்குவது என்ற கேள்வியே எழவில்லை. அப்புறம் அந்த அனுபவத்தைப் பகல் நேரப் பள்ளிக்குக் கொண்டுவர யாரும் மெனக்கெடவில்லை என்பது என் ஆதங்கம்.

எழுத்தே இல்லாத மொழியைப் பள்ளிக்குள் எப்படிக் கொண்டுவருவது?

ஆறு வயதில் பேச்சுதான் வேண்டும், எழுத்து அப்புறம். எழுத வேண்டுமென்றால் தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்ளலாம். படுகில் பாட்டும் செய்தியும் அப்படித்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். தோடர் மொழியின் ஒலிகளைத் தமிழ் எழுத்தில் அடக்குவது சிரமம். 1930களில் இங்கே தங்கி தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த மொழியியலாளர் எமனோ தனிக் குறியீடுகளை வைத்துத்தான் எழுதினார். அது மொழியியலாளர் கவலை. ஒன்றாம் வகுப்பை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

‘வீட்டிலும் தமிழிலோ இங்கிலீஷிலோ பேசுங்கள், அப்போதுதான் பிள்ளை முன்னேறும்’ என்கிறார்களே?

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் ஆலோசனை தவறு. அம்மாவுக்குச் சரளமாக வராத மொழியில் அம்மா பேசினால், பிள்ளைக்குக் கிடைப்பது ‘வா, போ, சாப்பிடு’ அளவுக்கான சொற்கள்தான். பாட்டியின் மொழியில் கதை கேட்டு, ஏன் எதற்கு என்று கேட்டு வளர்ந்த பிள்ளை பள்ளி மொழியையும் பிடித்துக்கொள்ளும். படுகர் வீடுகளில் படுகு, தமிழ், ஆங்கிலம் மூன்றையும் தடுமாறாமல் பேசும் ஒரு தலைமுறையே கண் முன்னால் இருக்கிறது. இப்போது சில வீடுகளில் தாத்தாவிடம் மட்டும் படுகு, மற்றபடி இங்கிலீஷ் என்று ஆகிவருகிறது. யுனெஸ்கோவின் அழிந்துவரும் மொழிகள் பட்டியலில் படுகு திட்டவட்டமாக ஆபத்துக்குள்ளான நிலையிலும், தோடரும் கோத்தரும் அதைவிட மோசமான, மிக ஆபத்தான நிலையிலும் இருப்பதாகச் சொல்கிறார்கள். லட்சம் பேர் பேசும் மொழி ஏன் அந்தப் பட்டியலில் வந்தது என்றால், வீட்டில் நடக்கிற இந்த மாற்றத்தால்தான்.

அரசு எதுவுமே செய்யவில்லையா?

செய்கிறது, ஆனால் பெரும்பாலும் ஆவணப்படுத்துவது. 2024-25 பட்ஜெட்டில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளையும் ஒலிவடிவங்களையும் பதிவுசெய்ய 2 கோடி ரூபாய் அறிவித்தார்கள். 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளுக்காக மைசூரின் இந்திய மொழிகள் நடுவண் நிறுவனம் வழியாக ஒன்றிய அரசின் திட்டம் 2013 முதல் இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. எல்லாம் தேவைதான். ஆனால் பதிவுசெய்த ஒலிநாடா அலமாரியில் இருக்கும். பிள்ளை வகுப்பில் இருக்கிறது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் சமையலறையில் கேட்கும் மொழிகூட வகுப்பறையில் கேட்பதில்லை.

நாங்களே ஒரு பள்ளி தொடங்கலாமா?

பிரிவு 30இன்படி உரிமை உண்டு. ஒரு சிறு விஷயம்: டெல்லியில் உள்ள தேசிய சிறுபான்மைக் கல்வி நிறுவன ஆணையம் மதச் சிறுபான்மைக்கு மட்டும்தான். மொழிச் சிறுபான்மைத் தகுதிச் சான்றை மாநில அரசிடம்தான் வாங்க வேண்டும். நிலம், கட்டட அனுமதி, மலைப்பகுதி விதிகள் என்று நீலகிரியில் பள்ளி கட்டுவதே பெரிய பாடு. பணமும் பொறுமையும் உள்ள சங்கங்களுக்கு மட்டும் சொல்வேன்.

சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்று கேட்கும் இடத்தில் என்ன எழுதுவது?

வீட்டில் பேசுவதை எழுதுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். நடப்பது இப்படி:

“தாய்மொழி?”

“வீட்ல படுகுதான் சார்.”

“அது வேண்டாம்மா, தமிழ்னே போட்டுக்கறேன். பின்னாடி எதுக்குக் குழப்பம்?”

அம்மாவும் தலையாட்டிவிடுவார். நாளைக்கு 10 பிள்ளை, 40 பிள்ளை கணக்கோடு ஊர் மனு கொடுக்கும்போது, பள்ளிப் பதிவேட்டில் அத்தனை பேரும் தமிழ்ப் பிள்ளைகளாக இருப்பார்கள். தாய்மொழி வேறு என்று எழுதுவதால் சாதிச் சான்றோ உதவித்தொகையோ பாதிக்காது. அதேபோல 2027 கணக்கெடுப்பில் வருபவர் கேட்கும்போது அவராக ஊகித்து எழுத விடாமல், மொழியின் பெயரை நீங்களே சொல்லி, எழுதியதையும் பாருங்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது?

முதலில் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அந்தக் குழுவில் தீர்மானம் போட்டு, அதையே கிராம சபையிலும் வைத்து, நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கும், பழங்குடிப் பள்ளி என்றால் அந்த நலத்துறைக்கும் அனுப்புங்கள். ஊட்டியில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் நேரில் கொடுக்கலாம்.

‘தாய்மொழிக் கல்வி வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் பதில் வராது, வந்தாலும் பயன் இருக்காது. இன்ன பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் இன்ன மொழி பேசும் பிள்ளைகள் இத்தனை பேர். குடியிருப்பில் இன்ன படிப்பு முடித்த இத்தனை இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் துணை ஆசிரியராக வையுங்கள். அங்கன்வாடியில் அடுத்த காலியிடத்தை அந்த மொழி தெரிந்தவருக்குக் கொடுங்கள் என்று எழுதுங்கள். 350ஏ-யையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவையும் ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் மனு எண்ணைப் போட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதன் நகலை மொழிச் சிறுபான்மையினர் ஆணையருக்கும் அனுப்புங்கள். அவர் ஆண்டறிக்கையில் மலையாளம், உருது பற்றி வருவது போல நீலகிரி மொழிகளைப் பற்றியும் வர வேண்டுமென்றால், யாராவது அவருக்கு எழுதியிருக்க வேண்டும்.